பார்த்ததைச் சொல்கிற அக்கா

அக்காவுக்கு ‘போலிருக்கு’ என்று பேச வராது.

ஈப்போவில் புந்தோங் சந்தைக்கு எதிரே தினமும் காலையில் கிலாங் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் நிற்போம். தொழிற்சாலை என்று எழுதுவோமே தவிர, வாயில் வருவது கிலாங்தான். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் போதும், ஒருத்தி "பஸ்ஸு கெட்டுப் போச்சு போலிருக்கு" என்பாள். இன்னொருத்தி, டிரைவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருப்பான் என்பாள். அக்கா சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "இன்னும் வரல. அவ்ளோதான் தெரியும்" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க யாருக்கும் மனம் வராது.

நான் பாரிட் புந்தாரிலிருந்து வந்து ஈப்போவில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். கார் கிடையாது. பஸ்ஸில் பெண்களோடு பெண்களாக சிம்பாங் பூலாய் பக்கம் இருந்த அந்தக் கிலாங்குக்குப் போவேன். படித்தவன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் கிலாங்கில் செய்தது பயோசிப். புத்தகத் தமிழில் உயிரிச் சில்லு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதில் மயிரிழை அகலத்தில் ஒரு வாய்க்கால், வாய்க்காலின் அடியில் வரிசையாகச் சில புள்ளிகள். டிங்கி, அதாவது டெங்குக் கிருமியின் புரதத்தைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைத்தான் அந்தப் புள்ளிகளில் வைத்திருப்போம். ஒரு சொட்டு ரத்தமும் கூட ஒரு மருந்தும் விட்டால், கிருமி இருக்கும் ரத்தமானால் அந்தப் புள்ளிகள் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பகுதி அந்த வெளிச்சத்தை அளந்து எண்ணாக மாற்றித் திரையில் காட்டிவிடும். எல்லாம் கால் மணி நேரத்தில். இதே முறையில் எலிக்காய்ச்சலுக்கும் மாரடைப்புக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் சிப் செய்யப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

சேர்ந்த இரண்டாம் மாதம் தொழிலாளர்களுக்கு இதையெல்லாம் நான்தான் விளக்கிப் பேசினேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து, திரையில் படம் காட்டி, முக்கால் மணி நேரம். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அன்று மாலை பஸ்ஸில் அக்கா பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க பேசினது எனக்குப் புரியல."

"எல்லாருக்கும் புரிஞ்சிச்சே அக்கா."

"அது எனக்குத் தெரியாதுலா. எனக்குப் புரியல. அதச் சொல்றேன்."

எரிச்சலோடுதான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். புந்தோங் வந்து சேரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ரத்தம் ஏன் தானாக ஓடுகிறது, புள்ளி ஏன் வேறு கிருமியைப் பிடிக்காது, வெளிச்சம் எப்படி எண் ஆகிறது. மறுநாள் புதுப் பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன். "ஓடையில வல போட்டு வச்சிருக்காங்க. அந்த ஒரு மீனு மட்டும்தான் மாட்டும். மாட்டினா லைட்டு எரியும். அடியில ஒரு கண்ணு இருக்கு, அது லைட்ட பாத்து நம்பர் சொல்லும். நம்ம வேல, மீனு வர்றதுக்கு முன்னாடியே லைட்டு எரியாம பாத்துக்கிறது." என் முக்கால் மணி நேரம் அதில் முடிந்துவிட்டது.

அவருடைய வேலையும் அதுதான். தட்டு தட்டாக வரும் சிப்புகளை நீல விளக்கின் கீழ் வைத்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ரத்தம் படாத புது சிப் இருட்டாக இருக்க வேண்டும். எங்காவது மினுக்கென்று தெரிந்தால் அழுக்கு. அந்த அழுக்கோடு வெளியே போனால், காய்ச்சல் இல்லாதவனுக்கு டிங்கி என்று காட்டும். அதைவிட மோசம், டிங்கி உள்ளவனுக்குக் கணக்கு குழம்பி இல்லை என்று காட்டிவிடலாம்.

அவர் நிரப்ப வேண்டிய தாளில் மூன்று கட்டங்கள் உண்டு. நல்லது, கெட்டது, சந்தேகம். மற்ற பெண்கள் அவசரத்துக்குச் சந்தேகத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். அக்கா ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய தாள்களில் மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும். தெரியவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தட்டைத் திருப்பி வைப்பார். கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்ப்பார். தாமதமாகிறது என்று லைன் லீடர் மலாயில் சொல்லிக்கொண்டு வந்து நின்றாலும் அசைய மாட்டார். லைன் லீடர் ஒரு மலாய்க்காரப் பெண், வயதில் சின்னவள். அக்காவைக் கண்டால் அவளுக்குப் பயம்.

ஒருமுறை கேண்டீனில் ஒரு பெண்ணின் கைப்பேசி காணாமல் போனது. வாசலில் நின்ற நேப்பாளி காவலாளிதான் எடுத்திருப்பான் என்று எல்லாரும் முடிவு கட்டி, அவனைப் பிடித்து விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். அக்கா சோற்றிலிருந்து தலை தூக்கினார்.

"நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. ஆனா அவன்தான் லாக்கர் பக்கம் சுத்திக்கிட்டே இருந்தான்."

"சுத்துனத பாத்த. எடுத்தத பாக்கல. அப்ப சுத்துனான்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

கைப்பேசி அவளுடைய மழைக்கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அக்கா அதற்காக யாரையும் குத்திக் காட்டவில்லை. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரப்பர் பால்மரத்தையெல்லாம் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை போட்ட பிறகு அவர் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. வீட்டுக்காரர் தோட்டத்திலிருக்கும்போதே காய்ச்சலில் இறந்தவர். சாதாரணக் காய்ச்சல் போலிருக்கு என்று தோட்டத்து டிரஸ்ஸர் மாத்திரை கொடுத்து அனுப்பினாராம், மூன்றாம் நாள் ஆள் இல்லை. இதைச் சொன்னது இன்னொரு பெண். அதனால்தான் அக்கா இப்படி ஆனார் என்று நான் இங்கே முடிச்சுப் போடலாம். ஆனால் அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நானாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் எழுத உட்கார்ந்தது இனி வருவதற்காகத்தான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் சிப்பை வாங்கப்போகும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாளும் இன்னொருவரும் சோதனைக்கு வந்து ஒரு வாரமாகக் கிலாங்கில் இருந்தார்கள். அன்று காலை நான் வாசலுக்கு எதிரே இருந்த கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மீன் குழம்பைத் தாராளமாக ஊற்றி, பிசைந்து, விரல் நனையச் சாப்பிட்டேன். நேரமாகிவிட்டது. குழாயில் தண்ணீரை மட்டும் விட்டுக் கையைக் கழுவிவிட்டு ஓடினேன்.

கிளீன் ரூமுக்குள் போகிறவர்கள் தலை முதல் கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை எல்லாம் போட வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். கையுறை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மடித்த விளிம்பின் உள்பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் வெறும் விரல் படக்கூடாது. அக்கா புதுப் பெண்களுக்கு இதைப் பத்துத் தடவை செய்யவைத்துப் பார்ப்பார். நான் அன்று அவசரத்தில் விரல் நுனிகளைப் பிடித்து இழுத்து மாட்டினேன். அந்த நேரம் அக்கா உள்ளே வந்தார்.

"தம்பி, சோப்பு போட்டுக் கழுவினீங்களா?"

"போட்டேன்க்கா."

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு இன்ஜினியரைப் பார்த்து ஒரு ஆப்பரேட்டர் கை கழுவினாயா என்று கேட்கிறாரே என்ற கடுப்பாக இருக்கலாம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் உடையை மாட்டிக்கொண்டார்.

உள்ளே ஆள் பற்றாக்குறை. வெளிநாட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று நானே இறங்கி, இரண்டு தட்டுகளில் சிப்புகளை அடுக்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமையாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். ஆரஞ்சுக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். குனிந்து பார்த்தேன். இருட்டாக இருக்க வேண்டிய சிப்புகளின் ஓரங்களில் பச்சைப் பச்சையாகத் தீற்றல். ஒரு சிப்பில் அது விரல் ரேகை மாதிரியே இருந்தது. என் இரண்டு தட்டுகள்தான்.

குழம்பில் போடும் மஞ்சள், நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் என்பது படித்த யாருக்கும் தெரியும். எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. காலையில் மீன் குழம்பைப் பிசைந்த என் கைதான்.

"அக்கா, இத இப்ப சந்தேகத்துல போட்டு வைங்க. அப்புறமா பாத்துக்கலாம்."

"எரியுதே தம்பி. இதுல என்னா சந்தேகம்?"

"வெளிநாட்டு ஆளுங்க இருக்காங்கக்கா."

"அவங்களுக்கும் எரியறதுதான் தெரியும்."

கெட்டது என்ற கட்டத்தில் இரண்டு தட்டுகளையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்தார். முறைப்படி லைன் லீடரைக் கூப்பிட்டார், அவள் போய் அந்த அம்மாளை அழைத்து வந்தாள். அந்தக் கறையைக் கண்டுபிடித்தவர் அக்கா. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்றைக்குப் பிறகு யாரும் இதைச் சொல்லவில்லை.

எல்லாரையும் வெளியே வரச் சொன்னார்கள். ஒவ்வொருவருடைய கையையும் நீல டார்ச்சில் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் கழிப்பறைக்குப் போனேன். மஞ்சள் தண்ணீரில் போகாது, ஆல்கஹாலில் கரையும். கிளீன் ரூமில் மேசை துடைக்க வைத்திருக்கும் ஆல்கஹால் துணி ஐந்தாறு என் பையில் இருந்தன. விரல் விரலாக, நகம் நகமாகத் துடைத்தேன். வெள்ளைத் துணி மஞ்சளானது. நகத்தைப் பல்லால் கடித்துத் துப்பினேன். துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் அமுக்கிவிட்டு, சோப்பு போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன். நான் படித்த படிப்பு அன்றைக்கு அதற்குத்தான் உதவியது.

அக்கா தானாகவே முதலில் போய்க் கையை நீட்டினார். கையில் ஒன்றுமில்லை. உள்ளங்கை, புறங்கை, நகக்கண், எல்லாம் இருட்டு. அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, டார்ச்சை மெல்ல மேலே தூக்கினார். முகமூடியைக் கழற்றியிருந்த அக்காவின் முகம் பச்சையாக ஒளிர்ந்தது. கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, கோயிலில் கட்டியது, அதுவும் ஒளிர்ந்தது. வீட்டுக்காரர் போன பிறகும் விடாமல், வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வருவார். ஆறு வருட வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிப்பும் அதனால் கெட்டதில்லை.

யாரோ பின்னால் நின்று கிளுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாள் டார்ச்சை அணைக்கவில்லை. அக்கா கண் கூசி நின்றார், ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை. அந்த வெளிச்சத்தை அணையுங்கள் என்று சொல்லவாவது எனக்கு வாய் வந்திருக்கலாம்.

அக்காவுக்கு மலாய் நன்றாக வரும். அந்த அம்மாளுக்கு மலாய் தெரியாது, லைன் லீடருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அங்கே தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆள் நான் ஒருவன். தம்பி இருக்கிறாரே என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி. உள்ள இருக்கும்போது என் மூஞ்சி மூடித்தான் இருக்கு. கறை கைபட்ட கறை, ரேகையே தெரியுது. என் கைய பாத்தாங்க, ஒண்ணுமில்ல. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு தட்ட யாரு தொட்டாங்களோ அவங்க கைய, கிளவ்ஸ எல்லாம் பாக்கச் சொல்லுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினியரும் சொல்லியிருக்க முடியாது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் மன்னிப்புக் கேட்கிறார், சாரி சொல்கிறார். இது இந்துப் பெண்களின் மத வழக்கம், இதனால் கெடுதல் வரும் என்று இவருக்குத் தெரியாது.

நான் கிறிஸ்தவன். அவர்களுடைய வழக்கம் என்று சொல்லிவிட்டு நான் இந்தப் பக்கம் வந்து நின்றுகொள்ள முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் மஞ்சள் பூசுவதில்லை என்பது உண்மைதான். மஞ்சள் போடாத குழம்பு எங்கள் வீட்டிலும் கிடையாது.

சாரி என்ற சொல் யாருக்குத்தான் தெரியாது? அக்காவின் புருவம் நெளிந்தது.

"நான் சாரி சொல்லலியே தம்பி."

"என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

இனிமேல் இப்படி நடக்காது என்கிறார், என்றேன் நான்.

அந்த அம்மாள் நல்லவர். அக்காவின் தோளைத் தட்டி, பரவாயில்லை என்று சிரித்தார். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சிப்பைப் பார்ப்பது மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று பார்த்தார்.

அறிக்கை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். மறு வாரம் எச்.ஆர். அதிகாரி, ஒரு மலாய்க்கார அம்மாள், அக்காவை அறைக்கு அழைத்தார். நானும் இருந்தேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அது என் மஞ்சளும் இல்லை என்று அக்கா மலாயில் தெளிவாகச் சொன்னார். அதிகாரி என் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார்.

அப்படியானால் வேறு யார் என்று நினைக்கிறீர்கள், என்று கேட்டார்.

இந்தத் தட்டுகளை அடுக்கியது யார் என்று அக்காவுக்குத் தெரியும். சோப்பு போட்டாயா என்று கேட்டவரும் அவர்தான். ஒரு வார்த்தை போதும்.

"சாயா தா நம்பாக்" என்றார் அக்கா. நான் பார்க்கவில்லை.

என்மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னார் என்று பல நாள் நினைத்து உருகியிருக்கிறேன். அது என் நினைப்பு. நான் சாப்பிட்டதை அவர் பார்க்கவில்லை. என் நகத்தையும் பார்க்கவில்லை. கேட்டதற்குப் போட்டேன் என்று நான் சொன்னதைத்தான் கேட்டார். தட்டை அடுக்கியதை மட்டும் சொன்னால் அந்த அதிகாரி மிச்சத்தைத் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்வார், அது அக்காவுக்கு ஆகாது. நேப்பாளி காவலாளிக்குக் கிடைத்த அதே நியாயம் எனக்கும் கிடைத்தது. அவன் திருடவில்லை, நான் திருடியவன்.

அக்காவை விளக்கடி வேலையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்குப் போட்டார்கள். கிளீன் ரூம் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினோம்: முகத்தில் மஞ்சள் பூசி வரக்கூடாது. ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. படத்தைத் தயாரித்தது நான். கையால் சாப்பிட்டால் சோப்பு போட்டுக் கழுவு என்று அதில் ஒரு வரி சேர்க்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை, யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால்?

மற்ற தமிழ்ப் பெண்கள் அக்காவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். "உங்களால நாங்க எல்லாம் வெள்ளிக்கிழம வெறும் மூஞ்சியோட வர்றோம்" என்று பஸ்ஸிலேயே ஒருத்தி சொன்னாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அதற்குள் கார் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் போதும் என்று. நாலு மாதத்தில் அவரே வேலையை விட்டுப் போய்விட்டார். நான் அடுத்த வருடம் பினாங்குக்குப் பெரிய வேலைக்குப் போனேன்.

போன வருடம் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கிளினிக்கில் டாக்டர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஒரு சிப்பில் விட்டார். எங்கள் சிப் மாதிரியேதான், இன்னும் சிறியது. கால் மணி நேரத்தில் டிங்கி என்று திரையில் வந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டாள். அந்தக் கால் மணி நேரமும் நான் சிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் அதை விளக்கடியில் வைத்துப் பார்த்து, இருட்டாக இருக்கிறது, நல்லது என்று எழுதியிருக்கிறார். அந்த ஒருவரை நம்பித்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவிக்காக அழுகிறேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அவள் வீடு திரும்பிய மறு வாரம் ஈப்போவுக்குப் போய், விசாரித்து, அக்காவின் பிளாட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் டோபி ஒன்றில் வேலை செய்கிறாராம், கறை போயிருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை. தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லி, பால் இல்லாத தே ஓ கலந்து கொடுத்தார். நான் அதைத் தொடாமல் மனைவிக்கு வந்த காய்ச்சலைச் சொன்னேன், பிறகு வந்த விசயத்துக்கு வந்தேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த ரெண்டு தட்டு. அது என் கைதான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"சோப்பு போடலியா?"

"போடலக்கா. பொய் சொன்னேன். நீங்க சொன்னதையும் மாத்திச் சொன்னேன்."

"மாத்திச் சொன்னது அப்பவே தெரியும். காதால கேட்டேனே. கை விசயம் இப்பதான் தெரியுது."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"இத எதுக்கு தம்பி என்கிட்ட வந்து சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க அங்க இருக்காங்க. மேல் மாடிப் பொண்ணு ஒண்ணு அங்கதான் வேல செய்யுது. அந்த மூஞ்சிப் படம் இன்னும் செவுத்துல இருக்காம். ஒரு தமிழ் அக்கா செஞ்ச தப்பால வந்த ரூலுன்னு சொல்லிக் குடுக்கறாங்களாம். அது என் வீட்டுக்கு வந்து, என்கிட்டயே சொல்லுச்சி."

அவரே தொடர்ந்தார்.

"அங்க எழுதிக் குடுங்க. உங்க பேரும் போடுங்க, என் பேரும் போடுங்க."

"கண்டிப்பா எழுதறேன்க்கா."

"எழுதறேன்னு சொல்லாதீங்க லா. எழுதிட்டு வந்து எழுதிட்டேன்னு சொல்லுங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

அன்றிரவே கடிதத்தை எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். ஏழு மாதமாக என் கணினியில் இருக்கிறது. இப்போது நான் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவன், என் கையெழுத்தை நம்பித்தான் சரக்கு கப்பல் ஏறுகிறது. அந்தக் கடிதம் போனால் என்னவாகும் என்று ஒவ்வொரு வாரமும் யோசிக்கிறேன். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பிக்கட்டும் என்பேன், ஆடிட் முடியட்டும் என்பேன். அக்காவுக்குப் போன் செய்ய முடியவில்லை. எழுதிவிட்டேன் என்று சொல்லலாம், அது பொய்யில்லை. அவர் அடுத்துக் கேட்பார், அனுப்பினீங்களா என்று.

கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து திருப்பிப் பார்த்தேன். அவர் பெயர் இதில் எங்கும் இல்லை, என் பெயர் இல்லை, கிலாங்கின் பெயரும் இல்லை. படிக்கிற உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.